சிரிக்கக்கூடாத மாப்ள

சிரிக்கறது ஒரு குத்தமாக்கா? நீயே சொல்லு... கைய தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங், அப்டியே இரு, எறக்காத. குடிக்கறான், அத்தொட்டு வோணாம்னு சொன்னா ஒரு நாயம் கீது. வேலவெட்டி இல்லாம படுத்துகினு கீறான், வோணாம்னா அதுலயும் ஒரு நாயம் கீது. சிரிச்ச மூஞ்சா கீறான், யோசிக்கணும்னு ஒரு பொண்ணு சொல்லிச்சின்னா, இத்த நானு எந்த கோயில்ல போயி மொறையிடறது? எங்க கொழுந்தனத்தான் சொல்றேன்.

மோகன்ராஜுன்னு பேரு. எங்கூட்டுக்காரருக்கு தம்பி. சிப்காட்டுல பைப்பு கம்பெனில வேல. தங்கமான புள்ளக்கா. ஆனா ஒண்ணு, பொறக்கும்போதே சிரிச்சிக்கினு பொறந்துட்டான். சாவு ஊட்டுக்கு கூட்டினு போவ முடியாது. மாலைய போட்டுட்டு, செத்தவரு எப்பவோ சொன்னத நெனச்சிக்கினு ஓரமா நின்னு குலுங்குவான். அழுவுறான்னு நெனச்சி நாலு பேரு வந்து முதுவ தடவிக்குடுப்பாங்க. அத்த பாத்து இன்னும் குலுங்குவான்.

மூச்ச இழுத்து புடிக்காதக்கா, சும்மா வுடு. மூச்ச புடிச்சிக்கினு அளவு குடுத்துட்டு, அப்பால பிளவுசு டைட்டுன்னு என்னிய திட்டறது. அளவு பிளவுசு ஒண்ணு எடுத்தாந்திருந்தா இந்த பேஜாரே இல்ல... மறந்துட்டியா? சரி வுடு.

இன்னா சொல்லிகினு இருந்தேன்... ஆங், பொண்ணு. இளமதின்னு பேரு. திருப்பாச்சூரு. நைனா பேரு சடையப்பன், நெலம் நீச்சு கீது. பொண்ணு இங்க சிப்காட்டுக்குத்தான் கம்பெனி பஸ்ல வந்து போவுது. பெரியபாளையத்து கோயில்ல வெச்சி பாத்தோம். எங்காளு ஒரு வாட்டி நிமிந்து பாத்தான், அவ்ளோதான், வுழுந்துட்டான். பூசாரி குங்குமம் குடுத்தா, பிரசாதம்னு வாயில போட்டுகினான்க்கா! நாக்கெல்லாம் செவப்பு. அதுக்கும் சிரிக்கறான்.

ஊருக்கு போயி அந்த பொண்ணு இன்னா சொல்லிச்சாம் தெரியுமா? "பையன் நல்லாத்தான் கீறாரு. ஆனா எல்லாத்துக்கும் சிரிக்கறாரு. உள்ள ஒண்ணுமே இல்லாத மாரி கீது." உள்ள ஒண்ணும் இல்லியா? உள்ள இன்னா இருக்கணும்? கொடலு, ஈரலு, எல்லாம் அதது எடத்துல கீது. எங்க மாமியா அத்த கேட்டுட்டு, "ஏன்டி ஈஸ்வரி, ஸ்கேன் எடுத்து அனுப்பணுமாடி?"ன்னு கேக்கறாங்க.

எனக்குத்தான் சுருக்குன்னு புரிஞ்சிச்சி. இது நாவல் படிக்கிற பொண்ணு! பங்களா நாவலு! உனக்கு தெரியும்ல?... படிச்சதே இல்லியா? அடப்பாவமே! இத்தினி வயசு வரைக்கும் இன்னாக்கா பண்ண? சரி திரும்பு, முதுவு அளவு எடுத்துக்கினே சொல்றேன்.

ஒரு அனாத பொண்ணு. மல மேல கீற பங்களாவுக்கு வேலைக்கு போவுது. மழ கொட்டுது. எல்லா நாவல்லயும் மழ கொட்டும், வெயில்ல எவளும் பங்களாவுக்கு போனதே இல்ல. இடுப்புல சாவிக்கொத்த சொருவிக்கினு ஒரு சமையக்காரம்மா, மொறச்சிக்கினே காபி குடுக்கும். பங்களாக்காரன் கீறான் பாரு... அவன்தான் விஷயமே. பேச மாட்டான். சிரிக்க மாட்டான். கறுப்பு சட்ட போட்டுக்கினு ஜன்னலாண்ட நின்னு இருட்ட பாப்பான். "நீ எங்க வேணா போ, அந்த மேக்கால ரூமுக்கு மட்டும் போவாத"ன்னுவான். அவ போவாம இருப்பாளா?... பாத்தியா, உனக்கே தோணுது பாரு! போவாதன்னு சொல்றதே போறதுக்குத்தான்.

இதுல இன்னாடி கீது, ஒரே கதைய திருப்பித் திருப்பி படிக்கறன்னு எங்கூட்டுக்காரரு கேப்பாரு. அவருக்கு இன்னா தெரியும்? எங்கூட்ல ஒரு ஹாலு, ஒரு ரூமு. ஆறு பேரு. மாடில கீற சாமான் ரூம தவுத்து எந்த கதவும் சாத்தி நான் பாத்ததில்ல. எங்கூட்டுக்காரரு காலையில எந்திரிச்சி வயிறு சரியா போச்சா இல்லியான்னு தெருவுக்கே தெரியும். ரகசியமா? அந்த மனுசனுக்கா? பேண்ட்டு பாக்கெட்டுல கை வுட்டா ரெண்டு பஸ் டிக்கெட்டு, ஒரு பல்குச்சி. கத முடிஞ்சிது.

நாவல்ல பாரு, நாப்பது ரூமு பங்களா. அதுல ஒருத்தி தனியா, மெழுவத்திய புடிச்சிக்கினு நடக்கறா. தனியா-க்கா! அந்த தனியா நடக்கறதுலதான் எனக்கு சொகமே. பேயி வந்தா வரட்டுமே. பேயாவது நாஷ்டா ஆச்சான்னு கேக்குமா? என் சாக்ஸு எங்கன்னு கேக்குமா? அப்புறம் பயம்னு பாத்தா... இங்க கம்பெனி பொண்ணுங்க செகண்டு ஷிப்டு முடிஞ்சி பஸ்ஸ வுட்டு எறங்கி, ஊடு வரைக்கும் தெருவெளக்கு இல்லாம நடக்குதுங்களே, அந்த பயத்துக்கு கடைசி பக்கமே கெடயாது. நாவல் பயம் அப்டியில்ல. எவ்ளோ பயந்தாலும் கடைசி பக்கத்துல அவன் வந்து கைய புடிச்சிடுவான். அத்தொட்டுதான் பொம்பளைங்க வுட மாட்டேன்றாங்க. காசு குடுத்து பயந்துட்டு, அப்பால நல்லா தூங்கலாம்.

பாப்பா சிணுங்குது. அந்த தூளிய கொஞ்சம் கால்ல ஆட்டுக்கா. கைய எறக்காத, காலால. ஆங், சூப்பரு.

இந்த ஏரியாவுல இத படிக்காத பொம்பளையே இல்ல தெரியுமா? அதோ பாரு அலமாரி, பூரா அதான். பழைய பேப்பர் கடைல மூட்டையா வாங்கியாந்தது. டெய்லர் கடைக்கு எதுக்கு நாவலா? நெஜத்த சொல்லட்டா... நானு சொன்ன தேதிக்கு தைக்க மாட்டேன்க்கா. எந்த டெய்லரு தைச்சிருக்கா? தேதி சொல்றது ஒரு மரியாதைக்கு. வந்து கத்துவாங்க. மொதல்ல "கரண்டு இல்ல, பாப்பாவுக்கு ஜொரம்"னு சொல்லிப் பாத்தேன், எடுபடல. ஒருநா ஒரு அக்கா கத்திக்கினு இருந்திச்சி, கையில ஒரு பங்களா நாவல குடுத்து "உக்காந்து படிக்கா, தோ ஊக்கு வெச்சி குடுத்துடறேன்"ன்னேன். உக்காந்தது உக்காந்ததுதான். ஊக்கு வெச்சி, இஸ்திரி போட்டு, கவர்ல போட்டு குடுத்தா, "இரு ஈஸ்வரி, இப்பத்தான் மேக்கால ரூமு சாவி கெடச்சிருக்கு"ன்னுது! அன்னியிலருந்து அதான் பழக்கம். பிளவுசு லேட்டா, ஒரு நாவலு. ரொம்ப லேட்டா, ரெண்டு நாவலு. கல்யாண பிளவுசு லேட்டுன்னா மூணு பாகம் வர நாவலு குடுப்பேன். ஒரு பொம்பள சண்டைக்கு வரதில்ல இப்போ. சில பேரு, "இன்னும் தைக்கலதான?"ன்னு ஆசையா கேக்கறாங்க.

உன் பிளவுசு அடுத்த வாரம் தரேன். மூஞ்ச ஏன் அப்டி வெச்சிக்கற? உனக்கும் குடுப்பேன் நாவலு.

சரி, பொண்ணு மேட்டருக்கு வரேன். பொண்ணு ஊட்டுக்காரங்க நம்ம ஊடு பாக்க வராங்கன்னு சேதி வந்திச்சி. பொண்ணும் வருதுன்னாங்க. வுடுவனா நானு? மோகன கூப்ட்டு உக்கார வெச்சேன். "டேய், உனக்கு அந்த பொண்ணு வேணுமா வேணாமா?" "வேணும் அண்ணி." "அப்போ இன்னியிலருந்து நீ பங்களாக்காரன்." ட்ரெயினிங்கு குடுத்தேன்க்கா! கறுப்பு ஃபுல்கை சட்ட ஒண்ணு தைச்சேன். அத்த மட்டும் சொன்ன தேதிக்கு தைச்சேன். சித்திர வெயில்ல கும்முடிப்பூண்டில ஃபுல்கை கறுப்பு சட்ட! முதுவு பூரா வேர்க்குரு. சொறிஞ்சிக்கினே சோகமா இருன்னா எங்கருந்து வரும்? சிரிப்பு வரும்போது இன்னா பண்றதுன்னு கேட்டான். உள்ளங்கையில ஊசிய வெச்சிக்கோ, வந்தா குத்திக்கோன்னேன். கை பூரா ஓட்ட, பாவம்.

வந்தாங்க. நைனா, அம்மா, பொண்ணு. அண்ணங்காரன் வெளியூர்ல வேலயாம், அவனும் பொண்டாட்டியும் வரல. எங்காளு ஜன்னலாண்ட நிக்கறான். நாவல்ல ஜன்னல தொறந்தா மூடுபனி, பள்ளத்தாக்கு. நம்மூட்டு ஜன்னல தொறந்தா பக்கத்து ஊட்டு எரும, தோ கடையிலருந்தே தெரியுது பாரு. அந்த எருமைய அப்டியே பாத்துக்கினு நிக்கறான் ஏக்கமா.

அவங்க நைனா, "மாப்ள எந்த ஷிப்டு?"ன்னாரு. சாதாரண கேள்விதான? எங்காளு பெருமூச்சு வுட்டான் பாரு... காலண்டரு பறக்குது. "எந்த ஷிப்டா இருந்தா இன்னா... எனக்கு எல்லாமே இருட்டுதான்"ன்னான். நானு அவ்ளோ சொல்லிக்குடுக்கலக்கா! அவனா சேத்துகினான்! அந்த பெரியவரு அரண்டுபோயி பொண்டாட்டிய பாக்கறாரு. அந்தம்மா என்னிய ஓரமா இஸ்துகினு போயி, "ஏம்மா, தம்பிக்கு மூலம் கீதா? மறைக்காத, எங்கண்ணனும் இப்டித்தான் ஜன்னலாண்ட நிப்பாரு, உக்கார முடியாம"ன்னு கேக்குது!

ஆனா பொண்ணு கண்ண பாக்கணும் நீ... அப்டியே பெருசாயிடுச்சி. அது மெதுவா கேக்குது, "மேல ஒரு ரூமு பூட்டி கீதே, அது இன்னா?" இவன் சடார்னு திரும்பி, "அத்த மட்டும் கேக்காதீங்க"ன்னான். பொண்ணு சொக்கிப்போச்சி.

இன்னாவா? அந்த ரூமுல இன்னா கீதுன்னா கேக்கற? நீயும் வந்துட்டியா வழிக்கு! யாராண்டயும் சொல்லாத. அது பூரா நானு தைக்காத பிளவுசுக்கா. சிரிக்காத, சீரியஸா சொல்றேன். துணி மூட்ட மூட்டையா. மாமியா கண்ணுல பட்டா திட்டுவாங்கன்னு பூட்டி வெச்சிருக்கேன். கல்யாணத்துக்குன்னு குடுத்த பொண்ணுங்க பிளவுசெல்லாம் கீது. ஒருத்திக்கு இப்போ ரெண்டு புள்ள. அந்த கதவ தொறந்தா எனக்கே பயமா கீது. வெட்டுன கை தனியா, முதுவு தனியா தொங்கும். எந்த பங்களாலயும் அவ்ளோ பயங்கரம் கெடயாது.

அப்பால சடையப்பன் சேதி அனுப்பிச்சாரு, "விசாரிச்சிட்டு சொல்றோம்." விசாரிக்கறதுன்னா தெரியும்ல? யாரோ ஒருத்தரு சொல்லாம கொள்ளாம வருவாரு. டீக்கடைல குந்துவாரு. பையன் எப்டின்னு கேட்டுட்டு போவாரு. அத்தொட்டு தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கேன். டீக்கடை அந்தோணி அண்ணங்கிட்ட, "யாருன்னா கேட்டா, பையன் சிரிச்சி பாத்ததே இல்லன்னு மட்டும் சொல்லுண்ணா"ன்னேன். அவரு பெரிய நடிகரு! "நா பாத்துக்கறேன் தங்கச்சி, அவங்க ஊட்லருந்து அப்பப்ப யாரோ வீணை வாசிக்கற சத்தம் கேக்கும்னு சொல்றேன்"ன்றாரு. வீணையா? எங்கூட்டுல மிக்ஸிதான் சத்தம் போடும்!

மோகனுக்கு தெருவுல சிரிக்க தட போட்டாச்சி. விசாரிக்க வரவன் எங்க குந்தியிருப்பான்னு தெரியாதே. கம்பெனில போயி சிரிச்சிட்டு வரான், பாவம், ஷிப்டு முடிஞ்சி. அந்த பொண்ணு கெடைக்காம போச்சின்னா அவன் நெஜமாவே பங்களாக்காரனா ஆயிடுவான்க்கா. நேத்து சாப்டாம எந்திரிச்சிட்டான். நடிப்புன்னு நெனச்சி நானு கை தட்டுறேன், அவன் கண்ண தொடைக்கிறான். எனக்கு பொசுக்குன்னு ஆயிடுச்சி. என் கொழுந்தன் அழுது நானு பாத்ததில்ல.

சரி, அளவு முடிஞ்சிது. கைய எறக்கிக்கோ. மரத்துப்போச்சா? ஒதறு, ஒதறு. பேரு சொல்லுக்கா, துணில எழுதணும்... ஜோதிலட்சுமி. நல்ல பேரு. எந்த ஊரு?... எங்க?... திருப்பாச்சூரா? அங்கருந்தா பிளவுசு தைக்க கும்முடிப்பூண்டி வந்த? அங்க டெய்லரே இல்லியா? நம்ம சடையப்பன் ஊரு... அவர தெரியுமா உனக்கு?...

...மாமனாரா.

...அப்போ நீ... நீங்க... அந்த வெளியூர் அண்ணனோட...

அம்மா பவானி! உக்காருங்க சம்பந்தி. ஏன் நிக்கறீங்க, உக்காருங்க. இல்ல இல்ல, அது துணி மூட்ட, இப்டி உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? தூளிய ஆட்டாதீங்க, நானு ஆட்டிக்கிறேன், ஐயையோ, உங்கள போயி காலால ஆட்ட சொன்னனே! விசாரிக்க வரது மீசை வெச்ச ஆளா இருக்கும்னு நெனச்சேன், பிளவுசு துணியோட வருவீங்கன்னு நானு கண்டனா? இன்னா மூள உங்களுக்கு!

இப்போ நானு சொன்னதெல்லாம்... எல்லாம் சும்மா. சும்மா கதைக்கு சொன்னேன். பையன் நெஜமாவே சோகம்தான். பயங்கர சோகம். சாவு ஊட்ல சிரிச்சான்னு சொன்னது கூட... அது வேற பையன்... ஏங்க சிரிக்கறீங்க?

இன்னா கேட்டீங்க? எங்க இளமதிக்கு இந்த புக்கெல்லாம் யாரு குடுத்து பழக்குனான்னு தெரியுமாவா? அதான நானும் கேக்கறேன்! நல்ல பொண்ண கெடுத்தவ எவ அவ?... பஸ்ல பக்கத்து சீட்டு பொண்ணா? எந்த பொண்ணு?... மெர்சியா? எந்த மெர்சி? கவரப்பேட்ட மெர்சியா? உயரமா, கண்ணாடி போட்டுக்கினு...

அது நம்ம கடையில தைக்க குடுக்கற பொண்ணாச்சே.

போன வருசம் ஈஸ்டருக்கு ஒரு பிளவுசு குடுத்திச்சி. குடுத்தேன், தைச்சி... கிறிஸ்துமஸுக்கு. நடுவுல வாரா வாரம் வரும், வாரா வாரம் ரெண்டு புக்கு வாங்கினு போவும். திருப்பியே குடுக்கலியே, எங்க வெச்சிருக்கறன்னு நானு கேக்கல, என் மேலதான தப்பு. அத்தினியும் உங்கூட்ல கீதா?... கட்டிலுக்கு அடியிலயா?

அந்த ஒரு பிளவுசுல நானு கை ரெண்டையும் வெச்சி தைச்சிருந்தா, இந்நேரம் எங்க மோகன் சிரிச்சிக்கினே தாலி கட்டியிருப்பான்.

யாருக்கு போன் போடறீங்க? சம்பந்தி, வேணாம்! பொண்ணுக்கா? ஐயோ, கால்ல வுழறேன், அதுகிட்ட சொல்லிடாதீங்க! நடிச்சான்னு தெரிஞ்சா அந்த பொண்ணு அவன் மூஞ்சியில முழிக்குமா? அவன் மேல தப்பில்லங்க, அவன் ஊசியெல்லாம் குத்திக்கினான்... எடுத்துட்டுதா? எல்லாத்தயும் சொல்றீங்களே... சாவு ஊடுமா? மூட்டையுமா? குங்குமத்த தின்னத கூடவா? ஐயையோ... ஸ்பீக்கர்லயாவது போடுங்க, இன்னா சொல்லுதுன்னு கேட்டு நானே செத்துப்போறேன்.

இன்னாவாம்?

அழுவுதா?...

இன்னா? இன்னா சொல்லிச்சி இப்போ? இன்னொரு வாட்டி சொல்ல சொல்லுங்க... "அப்போ இத்தினி நாளா ஒரு விஷயத்த மனசுக்குள்ளயே பூட்டி வெச்சிக்கினு இருந்தாரா"ன்னா? ஆமாம்மா! பூட்டித்தான் வெச்சிருந்தான்! சிரிப்ப! "எனக்காக கையெல்லாம் ரத்தமா"ன்னுதா? ரத்தம்மா, ரத்தம்தான், டெட்டால் போட்டோம்! உள்ள ஒண்ணுமே இல்லன்னு நெனச்சது தப்புன்னுதா?... புடிச்சிருக்குன்னுதா? சம்பந்தி, அது புடிச்சிருக்குன்னுதுங்க! கண்ணுல தண்ணி வருதுங்க எனக்கு...

ஆங்? ஆனாவா? ஆனா இன்னா?

...உனக்கு தெரிஞ்சிடுச்சின்னு அவனுக்கு தெரியக்கூடாதா? கல்யாணம் முடிஞ்சி நீயா கண்டுபுடிக்கணுமா? அதுவரைக்கும் அவன் அப்டியே ஜன்னலாண்ட நிக்கணுமா? ஏம்மா இளமதி, அவன் வேர்க்குருவ நெனச்சிப் பாரும்மா... நிச்சயதார்த்தத்துலயுமா? போட்டோ எடுக்கறவன் சிரி சிரின்னு உசுர வாங்குவானேம்மா! மாப்ளத்தோழன் வாய கட்டிடலாம், மாப்ள வாய எப்டி கட்டறது?... சரிம்மா. சரி. உன் இஷ்டம். வெச்சிடாதீங்க, பொண்ணுக்கு நானே பிளவுசு தைக்கறேன்னு... வெச்சிட்டாளா.

தோ ஸ்கூட்டி சத்தம். அவன்தான் வரான். சம்பந்தி, நீங்க ஒண்ணும் தெரியாத மாரி அந்த புக்க விரிச்சிக்கினு உக்காருங்க, நீங்க கஸ்டமரு.

டேய் மோகனு, இங்க வா. மெதுவா வா. ஒரு சேதி கீது, சொல்றேன், ஆனா மூஞ்ச அசைக்காம கேக்கணும். தல மேல சத்தியமா அசைக்கக்கூடாது, தெருவுல ஆளுங்க கீறாங்க. திருப்பாச்சூர்லருந்து போன் வந்திச்சி. அந்த பொண்ணுக்கு உன்ன ரொம்ப புடிச்சிருக்காம்டா. கல்யாணத்துக்கு சரின்னுடுச்சாம்...

சிரிக்காத! டேய், சிரிக்காதன்றேன்! அந்தாண்ட திரும்பு, எருமைய பாரு... ஐயோ, எரும மாட்டையும் பாத்து சிரிக்கறானே!